ஒரு டம்ளர் அரிசியும் மூன்று ஊதுபத்தியும்

சொல்லிவிட்டு அந்தக் குட்டி பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். காந்திமதிக்குத்தான் கீரைக்கட்டை அவிழ்த்த கை அவிழ்த்தபடியே நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டின்போது இனியா விளையாட்டுக்காகச் சோற்றுக் கிண்ணத்தில் இரண்டு சாப்பாட்டுக் குச்சியையும் நட்டுக்குத்தலாக நிறுத்தியிருக்கிறாள். சீன டீச்சர் பதறி ஓடிவந்து பிடுங்கிப் போட்டாராம். இந்த ஊரில் செத்தவங்களுக்குத்தான் அப்படி, கிண்ணத்தில் அரிசியை நிரப்பி ஊதுபத்தியை நட்டு வைப்பாங்க, உயிரோட இருக்கிறவங்க முன்னாடி வெச்சா உன் காலம் முடிஞ்சுதுன்னு சொல்ற மாதிரி, என்றாராம். அத்தனையும் இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, சாக்ஸை உருவிக்கொண்டே, ஒன்பது வயசுப் பெண், "அம்மா, எதிர்வீட்டு ஷென் தாத்தா ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னைக்கு நீ வாசல்ல வெச்சியே, அதே மாதிரி," என்று முடித்தாள். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. பாத்ரூம் விளக்கு எரிகிறது என்று சொல்வாளே, அந்தக் குரல். எதிர்வீட்டு ஷென் போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனார். இன்றைக்கு மறுபடியும் வெள்ளிக்கிழமை.

கீரையை ஆய்ந்துதான் ஆக வேண்டும். சிவப்புத் தண்டுக்கீரை, சீனாவில் இந்த சூஜோ ஊரில் இந்த மாதம் சந்தை முழுக்க இதுதான், பாளையங்கோட்டையில் கிடைப்பதைவிட இளசு, நாலு கிள்ளு கிள்ளினால் விரலெல்லாம் பீட்ரூட் நறுக்கின மாதிரி ஆகிவிடும். கிள்ளினாள். தெரியாமல் செய்ததுதானே. கிள்ளினாள். தெரியாமல் செய்தால் செய்யவில்லை என்று ஆகிவிடுமா? ஐயோ, யார் என்னைச் செய்யச் சொன்னது? வெளியே மழை விட்டபாடில்லை, இந்த மாதம் பூரா இந்த ஊரில் இதே நசநசப்புத்தான், துணி காயாது, சுவர் வியர்க்கும், பிள்ளையார் படத்துக்குப் பின்னால்கூடப் பூஞ்சை பிடித்துவிட்டது. பிள்ளையார்மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று ஒரு நொடி பார்த்தாள். வந்த புதிதில் வீட்டுக்குள்தான் ஊதுபத்தி ஏற்றினாள். கூரையில் இருந்த புகைமணி ஊரைக் கூட்டிவிட்டது. கீழே இருந்து காவலாளிகள் சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்து, நுரையை அடிக்கத் தயாராக நின்றபோது இவள் கையில் மணி, நெற்றியில் விபூதி. புருஷன் பிரபாகர் அன்றைக்கு ராத்திரி சிரித்துச் சிரித்து இருமினான். அதற்கப்புறம் சாமி உள்ளே, ஊதுபத்தி வெளியே என்று ஏற்பாடு. இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடையில், அவள் வாசலை ஒட்டினாற்போல் இருக்கிற செருப்பு அலமாரி மேல், ஒரு வாழைப்பழத்தில் குத்திவிட்டு வந்துவிடுவாள். போன வெள்ளிக்கிழமை பார்த்து வாழைப்பழம் இல்லை. இருந்த கடைசிப் பழத்தை இனியாவின் டிபன் டப்பாவில் இவளேதான் வைத்து அனுப்பியிருந்தாள். அம்மா உயிரோடு இருந்தபோது டம்ளரில் அரிசியைப் போட்டு அதில்தான் குத்துவாள், சாம்பல் சிந்தாது, அரிசியும் வீணாகாது. அதே மாதிரி டம்ளரை எடுத்தாள். கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டம்ளர், ஆ. காந்திமதி என்று பேர் வெட்டியது. தலைதட்ட அரிசி. மூன்று பத்தி. ஒரு வாழைப்பழம், கடவுளே, ஒரே ஒரு வாழைப்பழம் இருந்திருந்தால்.

அதோடு விட்டாளா? லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் ஷென், பின்னால் தள்ளிக்கொண்டு மகன், அவனுக்குப் பின்னால் துணிப்பையும் வாளியுமாக ஷென்னின் மனைவி லியூ அக்கா. லியூ அக்கா என்று இவளாக வைத்துக்கொண்ட முறை, அந்த அம்மாளுக்குத் தெரியாது. இரண்டு மாசமாக ஆஸ்பத்திரியில் இருந்தவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்றால் என்ன அர்த்தம்? குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? காந்திமதி அப்படித்தான் நினைத்தாள். நினைத்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். சிரித்தது பத்தாதென்று இரண்டு கையையும் கூப்பி, புகைகிற டம்ளருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். நல்லா இருங்கய்யா என்று தமிழில் வாய்விட்டே சொன்னாள். அவர் கண் டம்ளரில் நின்றது. புகையோடு மேலே போயிற்று. திரும்பவும் டம்ளருக்கு வந்தது. அப்புறம் அவளைப் பார்த்து மெதுவாகத் தலையை அசைத்தார், சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் சரி என்பாரே, அப்படி. மகன் முகம் ஒரு மாதிரி ஆனதை இவள் பார்க்கத்தான் செய்தாள். பயணக் களைப்பு என்று நினைத்தாள். மறுநாள் டம்ளரைக் காணோம். கூட்டுகிற பெண் எடுத்திருப்பாள் என்று நினைத்து மனசுக்குள் அவளைத் திட்டவும் செய்தாள். ஷென் நல்ல மனுஷன். பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். காந்திமதி கையில் பையோடு வந்தால் லிஃப்ட் கதவைக் காலால் மறித்துக்கொண்டு நிற்பார். இனியாவுக்குப் புளிப்பும் இனிப்புமாகச் சிவப்பு வட்ட மிட்டாய் கொடுப்பார், தமிழும் வேண்டாம் சீனமும் வேண்டாம், நீட்டுவார், இவள் வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான் பேச்சு. அந்த மனுஷனிடம் போய் உன் காலம் முடிந்தது என்று கைகூப்பிச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். விளங்குமா?

அப்பாவுக்காகத்தான் வைத்தது. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அன்றைக்குத்தான் அப்பாவின் பரிசோதனை முடிவு வருகிற நாள், வயிற்றுக்குள் குழாய் விட்டுச் சதையைக் கிள்ளி எடுத்து அனுப்பியிருந்தார்கள். நெல்லையப்பா ஒண்ணும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு காலையில் ஏற்றினாள், சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். "எக்கா, வயித்துல ஆரம்பிச்சு ஈரல் வரைக்கும் போயிட்டாம். ஆபரேசன் வேண்டாம்னுட்டாரு டாக்டர். அப்பாகிட்ட அல்சர்னு சொல்லியிருக்கு. நீயும் அதையே சொல்லிரு, என்ன? தெரிஞ்சா அன்னைக்கே படுத்துருவாரு." இசக்கிராஜ் சின்னப் பையன் மாதிரி மூக்கை உறிஞ்சினான். இவள் சரி என்றாள். ஒரு வார்த்தை. அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனாலும் எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சரி. நான் கிளம்பி வரவா என்றாள். "இப்ப நீ ஓடியாந்தா சந்தேகப்படுவாருக்கா, லீவுக்கு வர்ற மாதிரி வா," என்றான். அதைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியதே, அப்பாடா என்று ஏதோ ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்ததே, அது என்ன? இனியாவுக்குப் பரீட்சை, பிரபாகருக்கு ஆடிட், விசா, டிக்கெட், எல்லாவற்றையும் யோசிக்க வேண்டாம் என்கிற நிம்மதி. பெற்ற அப்பன் சாகக் கிடக்கிறான், மகளுக்கு நிம்மதி. நீ ஒரு பொம்பளையா என்று கீரைத்தண்டைப் பார்த்துக் கேட்டாள்.

அப்பா ஆவுடையப்பன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். எதையும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் தொட மாட்டார். பேச்சிலும் அப்படித்தான், நேராகக் கேட்க மாட்டார், ஓரத்தில் லேசாக வைத்து எரிகிறதா என்று பார்ப்பார். இங்கே வாட்ஸப்புக்குத் தடை, நேராக ஓடாது, விபிஎன் என்று ஒரு சுற்றுவழி போட்டால்தான் உண்டு, அதுவும் நினைத்தால் இருக்கும் நினைத்தால் போகும். அதனால் அவர் ஹலோ என்பதில்லை. "ஏட்டி மதி, நெட்டு இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார். திங்கட்கிழமை அப்படித்தான் ஆரம்பித்தார். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போய்விட்டான் என்றார். அவருக்குச் சீனப் பெருஞ்சுவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவு நீளச் சுவரில் எந்த வழியாகக் கம்பி இழுத்து விளக்குப் போட்டிருக்கிறான் என்று பார்க்க வேண்டும். "அங்க குளிருமாட்டி? ஸ்வெட்டர் எடுக்கவா?" என்றார். இவள் என்ன சொன்னாள்? எடுங்கப்பா, மெரூன் கலர் எடுங்க, உங்களுக்கு நல்லா இருக்கும், என்றாள். பொய்க்குக் கலர் வேறு. கேட்டது அவர், எடுங்க என்பதோடு நிறுத்தியிருக்கலாம், மெரூனை யார் கேட்டார்கள்? அவர் சந்தோஷமாக ஒரு சிரிப்புச் சிரித்தார், தாடை எலும்பு அந்தச் சின்னத் திரையிலேயே தெரிந்தது. அப்புறம் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு, "ஆமா, அல்சருக்கு எதுக்குட்டி இத்தன ஸ்கேனு?" என்றார். டெஸ்டரை வைத்துவிட்டார். "அப்பா... கேக்கலப்பா... நெட்டு போகுது..." என்று முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டாள், படம் உறைந்துபோனால் எப்படி இருக்குமோ அப்படி, வாயைக்கூடப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சிவப்பு பட்டனை அமுக்கினாள். நெட்டு அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. புதன்கிழமை மறுபடியும் அதே கேள்வி, மறுபடியும் அதே நெட்டு. ஒரு நாடு முழுக்கக் கஷ்டப்பட்டுக் கட்டிவைத்த தடுப்பை இவள் அப்பாவின் வாயை அடைக்க உபயோகப்படுத்திக்கொண்டாள்.

ஃபோனை எடுத்தாள். இங்கே இருக்கிற, இங்கிலீஷ் பேசுகிற வெளியூர்ப் பெண்களின் குழு ஒன்று உண்டு, ஆஸ்திரேலியாக்காரி, தென்னாப்பிரிக்காக்காரி, ஃபிலிப்பினோ, இவள், எல்லாருக்கும் பொதுவாய் இருப்பது இங்கிலீஷும் புலம்பலும். வெண்ணெய் எங்கே கிடைக்கும், பல் டாக்டர் யார், டெலிவரிக்காரன் கதவைத் தட்டாமல் போய்விட்டான் என்று நாள் முழுக்க ஓடும். அதில் எழுதினாள். அரிசியில் ஊதுபத்தி வைப்பது இங்கே ரொம்பத் தப்பா, யாருக்காவது தெரியுமா? எழுதிவிட்டுப் பார்த்தாள். யாராவது ஒருத்தி சிரிப்பு பொம்மை போடுவாள், இன்னொருத்தி எனக்கும் இப்படி ஒன்று நடந்தது என்று ஆரம்பிப்பாள், அதில் ஷென் செத்துப்போனது ஒரு தமாஷ் மாதிரி ஆகிவிடும். அழித்தாள். பிரபாகரிடம் சொல்லலாம், ஆலையிலிருந்து அவன் வர இருட்டிவிடும், வந்தால் என்ன சொல்வான், அவருக்கு வயசாச்சு, வியாதி முத்திப்போச்சு, உன் ஊதுபத்தியாலயா செத்தாரு, லூசு, சாப்பாடு போடு, என்பான். சரியாகத்தான் இருக்கும். வியாதியில்தான் செத்தார். ஆனால் மகன் ஏன் அன்றையிலிருந்து லிஃப்டில் இவள் முகத்தைப் பார்க்காமல் பொத்தானையே பார்க்கிறான்? துக்கம் என்று நினைத்தாளே. துக்கமா அது? ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அந்தக் கதவுக்குப் பின்னால் லியூ அக்கா அழுத சத்தம் கேட்டது. இவள் என்ன செய்தாள்? கதவில் இருக்கிற கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தாள். போகவில்லை. என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது, தலையைத் தடவலாமா, கையைப் பிடிக்கலாமா, செருப்பைக் கழற்றலாமா. ஊரில் என்றால் யார் வீட்டிலும் இழவு என்றால் கால் தானாகப் போகும். இங்கே கால் யோசித்தது. கீழே வாசலில் காகிதப்பூ வளையங்கள் சாய்த்து வைத்திருந்தார்கள், அவற்றைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு இரண்டு நாள் பின்பக்கப் படி வழியாகக் குடையைப் பிடித்துக்கொண்டு போய்வந்தாள். அப்போது அறியாமை. அறியாமலே இவ்வளவு ஒளிந்திருக்கிறாள். இப்போது தெரிந்த பிறகு எங்கே போய் ஒளிவாள்?

கீரை முடிந்துவிட்டது. முடிந்ததுகூடத் தெரியாமல் வெறும் தண்டைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். இனியா முகம் கழுவி வந்து எதிரே உட்கார்ந்து பிஸ்கட்டை உடைத்தாள். "அம்மா, நீ அழறியா?" "இல்லம்மா, கண்ணு எரியுது." பார், இதற்கும் ஒரு பொய் கைவசம் தயாராக இருக்கிறது. பொய் சொல்வது சமையல் மாதிரி, கை பழகிவிட்டால் உப்பைப் பார்க்காமலே போடலாம். எழுந்து போய்விட வேண்டியதுதான் என்று நினைத்தாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியது, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியது. அதற்கும் இந்தக் குட்டியின் வாய் வேண்டும். காந்திமதிக்குத் தெரிந்த சீனம் காய்கறிக் கடையோடு சரி, எவ்வளவு, வேண்டாம், கொஞ்சம் குறை. இனியா கீழே விளையாடுகிற பிள்ளைகளிடமிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்பது வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், என் அம்மா உங்க புருஷனைச் சாகச் சொன்னாள், மன்னிச்சிருங்க என்று சொல்ல வைப்பதா? நாளைக்குப் போகலாம். நாளைக்குச் சனிக்கிழமை, மகன் வீட்டில் இருப்பான், வேண்டாம். மகன் இல்லாதபோது போகலாம். ஊருக்குப் போய்விட்டு வந்து போகலாம். லீவுக்குத்தானே போகப்போகிறோம், அதற்குள் அப்பா... அந்த இடத்தில் நினைப்பு முள்ளில் புடவை மாட்டினதுபோல் நின்றது. இழுத்தாலும் கிழியும், விட்டாலும் நகராது.

கதவை யாரோ தட்டினார்கள். காந்திமதி துளை வழியாகப் பார்த்தாள். லியூ அக்கா. கறுப்புச் சட்டைக் கையில் கறுப்புத் துணிப் பட்டை, தலையை அழுத்தி வாரியிருந்தாள், முகம் உப்பியிருந்தது. கையில் அந்த டம்ளர். ஒரு நொடி, சத்தியமாக ஒரு நொடி, வீட்டில் இல்லாத மாதிரி இருந்துவிடலாமா என்று காந்திமதிக்குத் தோன்றத்தான் செய்தது, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள். இனியாதான் ஓடிவந்து, "யாரும்மா?" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள்.

லியூ அக்கா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று டம்ளரை நீட்டினாள். தேய்த்துக் கழுவியிருந்தது. வெறுமையாக இல்லை, நிறையச் சிவப்பு வட்ட மிட்டாய். இனியாவைப் பார்த்து அது உனக்கு என்றாள். அது காந்திமதிக்கே புரிந்தது. அப்புறம் பேச ஆரம்பித்தாள், தணிந்த குரலில், வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, பிள்ளை மொழிபெயர்க்க இடம் விட்டு. இனியா இங்கிலீஷில்தான் சொன்னாள். காந்திமதி காதில் எல்லாம் தமிழாகவே விழுந்தது.

"அன்னைக்கு ராத்திரி நான்தான் இதை எடுத்து வெச்சேன். பையன் குப்பையில போடச் சொன்னான். மனசு வரலை."

"சாரி சொல்லு," என்றாள் காந்திமதி. "அம்மாவுக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது, இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லு. தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லு."

இனியா சொன்னாள். லியூ அக்கா தலையசைத்தாள். "தெரியும். தெரிஞ்ச யாரும் வெச்சிருக்க மாட்டாங்க," என்றாள். டம்ளர் இருந்த செருப்பு அலமாரியைப் பார்த்தாள். "ரெண்டு மாசமா நாங்க அவருகிட்ட ஈரல் வீக்கம், மாத்திரை போட்டாச் சரியாயிரும்னு சொல்லிட்டிருந்தோம். டாக்டரையும் அப்படியே சொல்லச் சொன்னோம். குணமானதும் மலை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பையன் சொன்னான். அதை நம்பி அவரு ஒரு தொப்பி வாங்கினாரு. ஆஸ்பத்திரிக் கட்டில்லயே அதைப் போட்டுப் பார்ப்பாரு."

இனியா தொப்பி என்பதற்குக் கையைத் தலைமேல் வைத்துக் காட்டினாள். காந்திமதிக்கு மெரூன் நிறம் கண்ணுக்குள் வந்தது.

"உங்க டம்ளரைப் பார்த்துட்டு உள்ள வந்தாரு. கதவைச் சாத்துன்னாரு. இனிமே போதும்னாரு. எல்லாருமாச் சேர்ந்து என்னைத் தொப்பி வாங்க வெச்சீங்களேன்னு திட்டினாரு. அன்னைக்கு ராத்திரி பூரா திட்டினாரு. அப்புறம் அழுதாரு. நானும் அழுதேன். மறுநாள் பகல் முழுக்கப் பேசினோம். எந்தச் சட்டை போட்டு அனுப்பணும்னு அவரே எடுத்துக் குடுத்தாரு, பஸ் ஓட்டின காலத்துச் சட்டை. மீன் சூப் கேட்டாரு. ரெண்டு வாய் குடிச்சாரு." லியூ அக்கா கழுத்தைத் தடவிக்கொண்டாள். "அதைப் பார்க்காம இருந்திருந்தா இன்னும் ஒரு மாசம் இருந்திருப்பாருன்னு பையன் சொல்றான். இருந்திருக்கலாம். எனக்குத் தெரியலை. உங்க மேல கோவப்படணும்னு பார்க்கறேன். ஒரு வாரமாப் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

கோபம் வந்ததா இல்லையா என்று அவள் சொல்லவில்லை. காந்திமதியும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இல்லை. சிவந்த விரலைப் புடவையில் துடைத்தாள், புடவைதான் கறையாயிற்று. அந்த அம்மாள் இப்படியே போய்விடுவாள், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அழலாம் என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. லியூ அக்கா போகத் திரும்பினவள் நின்றாள். இனியாவிடம் ஏதோ கேட்டாள்.

"அம்மா, அப்ப அது யாருக்கு வெச்சதுன்னு கேக்கறாங்க."

"எங்க அப்பாவுக்கு," என்றாள் காந்திமதி. யோசிக்காமல் வந்துவிட்டது. இனியா அதைச் சொன்னதும் லியூ அக்கா முகம் இளகிற்று, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள், மெதுவாக ஒன்று கேட்டாள். "தாத்தா எப்ப செத்துப்போனாருன்னு கேக்கறாங்க," என்றாள் இனியா. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "இல்ல இல்லன்னு நானே சொல்லிட்டேன்மா. தாத்தா ஊர்ல இருக்காரு, வயித்துல கொஞ்சம் உடம்பு சரியில்லன்னு சொன்னேன். சரிதானே?"

லியூ அக்கா இனியாவைப் பார்க்காமல் காந்திமதியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இரண்டு மாசம் ஆஸ்பத்திரி நடையில் நின்று பொய் சொன்னவளுக்கு இன்னொரு பொய்க்காரியின் முகம் தெரியாதா? சின்னதாக ஒரு கேள்வி கேட்டாள். நாலைந்து வார்த்தைகூட இருக்காது.

"அவருக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க," என்றாள் இனியா. பிஸ்கட்டைக் கடிக்காமல் நிறுத்தினாள். "என்ன தெரியுமாம்? அம்மா, தாத்தாவுக்கு என்ன தெரியுமாம்?"

காந்திமதி தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அது லியூ அக்காவுக்கான பதில். லியூ அக்கா டம்ளரை இனியாவின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு எட்டில் நடையைத் தாண்டி, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு மூடுமுன் உள்ளே படம் தெரிந்தது, ஷென் கறுப்பு வெள்ளையில், முன்னால் பழமும் கிண்ணமும் புகையும். கிண்ணம் அவர்களுடைய கிண்ணம், பீங்கான். படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி அடித்து, அதில் விலைச்சீட்டு கிழிக்காத ஒரு வெயில் தொப்பியை மாட்டியிருந்தார்கள்.

மேஜைமேல் ஃபோன் அடித்தது. அப்பாதான். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து மாத்திரை போடுகிற நேரம். இப்போது வேண்டாம், கண்ணைக் கழுவிவிட்டு, தம்பியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிரபாகர் வந்ததும், நாளைக்கு. தெரிந்தால் அன்றைக்கே படுத்துவிடுவாராம். படுத்துவிட்டால்? நிஜமாகவே படுத்துவிட்டால்? ஒரு மாசம் குறைந்துவிட்டால் அந்த ஒரு மாசத்துக்கு யார் பொறுப்பு? தெரியாமல் செய்ததற்கே இந்தப் பாடு, தெரிந்தே செய்வதா? ஆனால் இசக்கி கடைக்குக் கூட்டிக்கொண்டு போவான், ஞாயிற்றுக்கிழமை, பாளை பஜாரில் அந்த வெயிலில், கடைக்காரன் ஸ்வெட்டரா என்று சிரிப்பான், அப்பா பெருமையாகச் சொல்வார், மக சீனாவுல இருக்கா, மெரூன் எடுக்கச் சொன்னா. போட்டுப் பார்ப்பார். கண்ணாடி முன்னால் நின்று தோளைச் சரிசெய்துகொள்வார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், தெரிந்தவர்கள் எல்லாரும், நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு. ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. "அம்மா, எடு," என்றாள் இனியா. எடுத்தாள். வழக்கம்போலக் கட்டைவிரல் தானாகச் சிவப்பு பட்டனுக்குப் போய் நின்றது, கீரைச் சாற்றில் அதுவும் சிவப்பாகத்தான் இருந்தது. திரையில் அப்பா தெரிந்தார், மூக்குக்கண்ணாடி, பனியன், கழுத்தெலும்பு, பின்னால் சத்தமாக டிவி.

"ஏட்டி மதி, நெட்டு இருக்கா?"

காந்திமதி விரலை எடுத்துவிட்டாள். ஃபோனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்து, அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இருக்குப்பா. இன்னைக்கு நல்லா இருக்கு. அன்னைக்கு என்னமோ கேட்டீங்கல்லா, அல்சருக்கு எதுக்கு இத்தன ஸ்கேனுன்னு. இப்பக் கேளுங்க."

அப்பா பித்தானைத் தேடிக் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனார். பனியனில் பித்தான் இல்லை. கையைக் கீழே இறக்கினார். திரும்பாமலே, பின்னால் இருந்த யாரிடமோ, டிவியை அமத்து என்றார்.